தக்ளி சொல்லித் தந்த கணக்கு

கார்டன் ரீச்சில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இரண்டு வேலையிடங்கள் நன்கு தெரியும். ஒன்று தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம். அங்கே பேனாவும் பைலும். மற்றொன்று ஹூக்ளிக் கரையில் உள்ள கப்பல் கட்டும் தளம். அங்கே இரும்பும் நெருப்பும். 1884-ல் சிறிய பட்டறையாகத் தொடங்கி, 1960-ல் அரசின் கைக்கு வந்து, மறு ஆண்டே சுதந்திர இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான ‘அஜய்’யைக் கடற்படைக்குக் கொடுத்த தளம் அது.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் காட்டப்படும் வழி முதலாவதுதான். நல்ல மார்க்கு வாங்கினால் ஆபீஸ். மார்க்கு குறைந்தால் அப்ரண்டிஸ். கையால் செய்யும் வேலை, படிப்பு ஏறாதவனுக்கு என்று முடிவு கட்டிவிட்டோம்.

ஆனால் கப்பல் கட்டும் தொழிலை எண்ணிப் பாருங்கள். கம்ப்யூட்டர் வருமுன், கப்பலின் வளைவுகளைப் பெரிய கூடத்துத் தரையில் முழு அளவில் வரைந்து, அதற்கேற்ப மரச் சட்டங்களில் மாதிரி அறுத்து, அதை வைத்தே இரும்புத் தகட்டை வெட்டினார்கள். அது ஜியோமிதி அல்லாமல் வேறென்ன? அதே பாடத்தை வகுப்பில் மனப்பாடம் செய்த மாணவன், பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறான்.

வகுப்பறையிலேயே கையால் செய்து கற்கும் முயற்சி வங்காளத்துக்குப் புதிதல்ல. தாகூர் 1901-ல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். மரத்தடி வகுப்பு என்று இன்றும் புகழ்கிறோம். ஆயினும் வசதியுள்ள பெற்றோர்கள் பரீட்சையைக் கேட்டார்கள். பள்ளியும் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆகவே 1924-ல் ‘சிக்ஷா சத்ரா’ என்ற தனிப் பள்ளியைத் தொடங்கி, ஏழைக் கிராமச் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டார். பரீட்சை கேட்டு நெருக்கும் பெற்றோர் அவர்களுக்கு இல்லை. தோட்டம் போடுவதும், சமைப்பதும், கைத்தொழிலுமே பாடம். குருதேவரின் ஆசையே பெற்றோரின் மார்க்கு ஆசைக்கு ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது என்றால், நம் வீட்டு நிலைமையைக் கேட்பானேன்!

இந்தக் கதையில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்துக்காரரான ஈ. டபிள்யூ. ஆரியநாயகம் சாந்திநிகேதனில் பணியாற்றியவர்; 1930-ல் தாகூருடன் ரஷ்யாவுக்கும் சென்று வந்தவர். வங்காளப் பெண்மணியான ஆஷாதேவியை மணந்தார். பின்னர் இருவரும் வார்தா சென்று காந்திஜியுடன் சேர்ந்தார்கள். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்தது. அதை நடத்த ஏற்பட்ட ஹிந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளர் ஆரியநாயகமே.

அங்கே கணக்கு எப்படி வந்தது? சிறுவன் தக்ளியில் நூல் நூற்கிறான். நாலடிச் சுற்றளவுள்ள சட்டத்தில் அதைச் சுற்றுகிறான். 160 சுற்று கால் சிட்டம்; 640 சுற்று முழுச் சிட்டம். அப்படியானால் நூலின் நீளம் எத்தனை அடி? 2,560 அடி என்ற விடையை அவன் கையே சுற்றியிருக்கிறது. எடை போட்டால் நூல் எவ்வளவு சன்னம் என்ற வகுத்தல் கணக்கு. பஞ்சு எந்த மண்ணில் விளைகிறது என்றால் பூகோளம். மான்செஸ்டர் துணி எப்படி வந்தது என்றால் சரித்திரம்!

குறையும் இருந்தது. பிள்ளைகள் செய்த பொருளை விற்றே ஆசிரியர் சம்பளத்துக்கு வழி பார்க்கலாம் என்ற எண்ணத்தைப் பேராசிரியர் கே. டி. ஷா அந்த மாநாட்டிலேயே எதிர்த்தார். அவர் எதிர்த்தது சரி என்றே தோன்றுகிறது. பின்னாளில் பல பள்ளிகளில் நூற்பு மட்டும் மிஞ்சி, பாடம் காணாமற் போயிற்று.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. 1953-ல் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். ‘குலக்கல்வி’ என்று நாடே கொதித்தது. மறு ஆண்டு ராஜாஜி பதவி விலகினார்; காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அந்தக் கொதிப்பு நியாயமானது. துணி வெளுப்பவர் மகன் துணியே வெளுக்க வேண்டுமா? ஆனால் சேவாகிராமத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே தக்ளிதான். இந்த வித்தியாசத்தை நாம் மறந்தோம். பிறப்பால் வரும் தொழிலை வெறுக்கப் போய், கைவேலையையே வெறுத்துவிட்டோம்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது நல்ல மாறுதல். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பையின்றி, தச்சர், தோட்டக்காரர், குயவரிடம் பிள்ளைகள் பழக வேண்டும் என்கிறது. எந்த மாநிலம் எவ்வளவு ஏற்கிறது என்பது தனி விஷயம். இப்போது பல பள்ளிகளில் ‘புராஜெக்ட்’ என்றால் தாயார் இரவு கண் விழித்துச் சார்ட்டில் ஒட்டித் தருவதுதான்!

கப்பல் தளத்துக்குள் பள்ளிப் பிள்ளைகளை எளிதில் விடமாட்டார்கள். பக்கத்து மெட்டியாபுரூஸில் தையற்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு துணியில் எத்தனை சட்டை வெட்டலாம், எப்படி வைத்து வெட்டினால் கழிவு குறையும் என்பதை அவர்கள் சாக்குக்கட்டியால் கோடிழுத்தே சொல்லிவிடுவார்கள். ஏழாம் வகுப்புப் பரப்பளவுப் பாடம் முழுவதும் அந்த மேஜைமேல் கிடக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கு விவரம் கேட்ட பின், ஒரு நாள் அங்கே அழைத்துப் போக முடியுமா என்று தலைமை ஆசிரியரையும் கேட்டுப் பாருங்களேன்.