வீக்கம் வடிந்தும் வலிப்பது ஏன்?

பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டங்களில் நடந்திருக்கிறீர்களா? கால் பதிந்தால் அமுங்கும் சதுப்பு மண். அங்கே நடக்கும்போதோ பள்ளித் திடலில் பந்தைத் துரத்தும்போதோ பாதம் சட்டென்று உள்பக்கம் மடங்கிவிடும். கணுக்கால் வீங்கும். பாட்டி எண்ணெய் தடவி உருவி விடுவார். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். ஆனால், மூன்று மாதம் கழித்தும் படியிறங்கும்போது சுருக்கென்று குத்துகிறதே, ஏன்?

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் மூன்று தசைநார்கள் எலும்புகளைப் பிணைத்திருக்கின்றன. பாதம் மடங்கும்போது பெரும்பாலும் முன்பக்க நார்தான் முதலில் கிழியும். தசைநாருக்கு இரத்த ஓட்டம் குறைவு. அதனால் மெதுவாகவே ஆறும்.

அந்த நார் வெறும் கயிறு அன்று. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் உண்டு. நார் கிழிந்தால் அந்தச் செய்தியும் தடுமாறும் என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஃப்ரீமன் 1965-இல் எழுதினார். செய்தி தாமதமானால் கால் மறுபடி மடங்கும், மறுபடி வலிக்கும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடுங்கள். சுளுக்கிய கால் மற்றதைவிட அதிகம் ஆடுகிறதா?

இத்தகைய வலிக்குக் கொரியாவில் பலர் நாடுவது மரபு மருத்துவரை. ஹொ ஜுன் எழுதி 1613-இல் அச்சான ‘தொங்உய் போகாம்’ அம்மருத்துவத்தின் மூலநூல்களில் ஒன்று. இன்றும் அக்குபங்சர் ஊசி, மூலிகைச் சூடு, உறிஞ்சுக் குவளை, தேனீ நஞ்சு ஊசி எல்லாம் உண்டு. (கடைசியாகச் சொன்னது சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைத் தரும்.) ஊசி குத்தினால் உடலே எண்டோர்பின் என்ற வலி தணிப்பானைச் சுரக்கிறது என்பது ஒரு விளக்கம்.

பலன் உண்டா? புதிய சுளுக்குக்கு அக்குபங்சர் உதவுமா என்று 20 ஆய்வுகளை அலசிய கொக்ரேன் தொகுப்பு 2014-இல் வந்தது. ஆம் என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றது. எழுதியவர்களில் பெரும்பாலோர் கொரியர்களே! சொந்த மரபையும் தராசில் வைத்துப் பார்க்கும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

அக்குபங்சர் நமக்கும் தொலைவில் இல்லை. ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு இயங்குகிறது. ஊசி வலியைக் குறைக்கலாம். ஆனால் தடுமாறும் காலுக்குச் சமநிலையைக் கற்றுத் தருவது பயிற்சிதான். தினமும் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். பழகியபின் மடித்த துண்டின்மேல் நில்லுங்கள். இத்தகைய பயிற்சி மறுசுளுக்கைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு.

அடிபட்டவுடன் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலிக்கிறதா? அப்படியானால் உருவவும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். முதலில் கிளினிக்கிற்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.