வாடையோடு வரும் தூசு

கிழக்கிலங்கையின் ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் தூசுக்கு இரண்டு காலம். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று மேற்கு வயல்வெளியைக் கடந்து வெக்கையோடு வீசும். சிறுபோக அறுவடையின் பதரும் சுணையும் கொடியில் காயும் சீலையில் ஒட்டிக்கொள்ளும். அது ஊர்த் தூசு; கிளம்பிய இடத்தைக் கைகாட்டிச் சொல்லலாம். மார்கழி வாடையில் சில நாட்களில் வருவது வேறு. துடைத்தால் விரலில் படாது. வானம் மட்டும் பால் கரைத்தாற்போல் மங்கிக் கிடக்கும். 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள்கள். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் அடி வரை போகக்கூடியவை. இந்த இரண்டாவது தூசின் காரணத்தைத் தேடுவோர் நம் ஒழுங்கைகளோடு நின்றுவிடக் கூடாது. பசுபிக் சமுத்திரம் வரை பார்க்க வேண்டும்.

2022 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். வங்காள விரிகுடாவில் சுழன்ற மாண்டஸ் புயல், வட இந்தியச் சமவெளியின் புகையும் தூசும் கலந்த குளிர்காற்றைத் தெற்கே இழுத்தது. யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை காற்றின் தரம் கெட்டு, டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் குளிரில் விறைத்துச் செத்தன. மாரி மழை தூசைக் கழுவிவிடாதா என்று கேட்கலாம். கழுவும், ஆனால் அது கடலின் ஈரத்தைச் சுமந்த காற்றுக்குப் பொருந்தும். அந்த நாட்களில் வந்தது நிலத்தின் வறண்ட காற்று.

பசுபிக் எங்கே வருகிறது? 2020 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று குளிர்காலம் அங்கே லா நினா. மத்திய, கிழக்குப் பசுபிக்கின் மேற்பரப்பு வழமையைவிடக் குளிர்ந்திருந்தது. மூன்றாவது குளிர்காலத்தில் வட இந்திய நகரங்களின் காற்று சற்றுத் தெளிந்து, தீபகற்பத்தின் காற்று மோசமானது. வடக்குக் காற்றின் போக்கு மாறி மாசைத் தெற்கே தள்ளியதே காரணம் என்று இந்திய ஆய்வாளர்கள் விளக்கினர். அதே கடற்பரப்பு வழமையைவிடச் சூடாகும் எல் நினோவின் வழி வேறு. அது பருவமழையைக் குறைக்கும். 2009இல் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை 22 சதவீதம் குறைந்தது. மழை பொய்த்தால் தார் பாலைவன ஓரத்துப் புல் கருகி, மேல்மண் காற்றுக்கு இளகிக் கொடுக்கும்.

எல்லாப் பழியையும் தொலைதூரக் கடலின் தலையில் போடுவதா என்ற கேள்வி நியாயமானது. மாண்டஸ் லா நினாவால்தான் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. கடலின் சூடும் குளிரும் தனியொரு நாளைத் தீர்மானிப்பதில்லை. அப்படியான நாட்கள் வரும் வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும். நாம் எரிக்கும் வைக்கோலும் குப்பையும் வாகனப் புகையும் அதன்மேல் சேர்கின்றன. அவற்றைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. ஆனால் தீவின் இரு முனைகளும் ஒரே நாளில் மங்கும்போது, அதை உள்ளூர்க் குப்பைமேட்டால் மட்டும் விளக்க முடியாது. பசுபிக்கின் நிலை மாரிக்குச் சில மாதங்கள் முன்பே ஓரளவு தெரிந்துவிடுகிறது. அந்த முன்னறிவிப்பை வயலுக்குத் தண்ணீர் கணக்கிடப் பயன்படுத்துவதுபோல, இழுப்பு வருத்தமுள்ள பிள்ளைகளுக்கு மார்கழியில் எவ்வளவு மருந்து வேண்டும் என்று கணக்கிடவும் பயன்படுத்தலாம்.