திரும்பி வரும் எண்பத்து மூன்று

நிரல் எதுவும் ஏற்றப்படாத மைக்ரோகன்ட்ரோலர் சிப்பும், உண்மையிலேயே கெட்டுப்போன சிப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. வீட்டு மேசையில் பிரெட்போர்டை வைத்துக் கம்பிகளைச் செருகித் தன் முதல் சிப்பில் நிரல் ஏற்ற முனையும் மாணவர், கணினித் திரையில் பிழைச்செய்தியைக் கண்டதும் சிப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவதற்கு இந்த ஒற்றுமையே முதற்காரணம். அம்முடிவு பெரும்பாலும் தவறாக இருக்கிறது. சிப்போ கேள்வி சரியாகக் கேட்கப்படாததால் மட்டுமே பேசாமல் இருக்கிறது.

இங்கே விளக்கத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது அட்மெகா 328பி என்னும் 28 கால் சிப்; அர்டுவினோ ஊனோ பலகையில் அமர்ந்திருப்பதும் இதுவே. நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் தொழில்நுட்பம் பயின்ற ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வோலன் ஆகிய இருவரின் எண்ணத்தில் கருக்கொண்டு, 1996 முதல் அட்மெல் நிறுவனத்தால் வளர்க்கப்பட்ட ஏவிஆர் குடும்பத்தின் வழிவந்தது இது. 2016இல் மைக்ரோசிப் நிறுவனம் அட்மெலை வாங்கிக்கொண்டது. ஏவிஆருக்கு முந்தைய காலத்துச் சிப்புகள் பலவற்றில் பழைய நிரலை அழிக்க, சிப்பைப் பலகையிலிருந்து பெயர்த்தெடுத்து, அதன் முதுகிலுள்ள கண்ணாடிச் சன்னலில் புற ஊதா ஒளியை நிமிடக் கணக்கில் பாய்ச்ச வேண்டியிருந்தது. ஏவிஆர் சிப்போ மின்சுற்றில் இருந்தபடியே ஆறு கம்பிகளின் வழியாக நிரலைப் பெற்றுக்கொள்கிறது. ஐந்து வோல்ட், தரை, ரீசெட், துடிப்பு, தரவு உள்ளே செல்லும் மோசி, தரவு வெளியே வரும் மிசோ என்பனவே அந்த ஆறு.

கணினிக்கும் சிப்புக்கும் நடுவே நின்று பேசும் கருவி நிரலேற்றி எனப்படும். தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்த யூஎஸ்பிஏஎஸ்பி என்னும் எளிய நிரலேற்றியை எவரும் வீட்டில் சால்டர் செய்துகொள்ளலாம். ஆயினும் அதன் உள்ளே இருப்பதும் ஓர் ஏவிஆர் சிப்பே ஆதலால், அதற்கு முதன்முறை நிரல் ஏற்ற வேறொரு நிரலேற்றி தேவைப்படுகிறது. உறை மோருக்கு அண்டை வீட்டை நாடுவது போன்ற இந்த நிலையைத் தவிர்க்கவே, தொடக்கநிலையாளர் பலரும் கையிலுள்ள ஊனோ பலகையில் அர்டுவினோ ஐஎஸ்பி என்னும் நிரலை ஏற்றி, அதையே நிரலேற்றியாக ஆக்கிக்கொள்கின்றனர்.

இவ்வமைப்பில் பிழை தேடுபவர் முதலில் உணர வேண்டியது, இங்கே உரையாடல் ஒன்றல்ல, இரண்டு என்பதாகும். கணினி ஊனோவுடன் பேசுகிறது; ஊனோ சிப்புடன் பேசுகிறது. நிரலை அனுப்பும் ஏவிஆர்டியூட் மென்பொருள் 'ஒத்திசைவு இல்லை' என்ற பொருளில் செய்தி காட்டினால் முதல் உரையாடலே நடக்கவில்லை. அந்நிலையில் சிப்பைச் சுற்றியுள்ள கம்பிகளை எத்தனை முறை பிடுங்கிச் செருகினாலும் பயனில்லை. கணினி தொடர்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஊனோ தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்வதே இதற்கு அடிக்கடி காரணமாகிறது என்பதால், ஊனோவின் ரீசெட்டுக்கும் தரைக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை, அதன் எதிர்முனை தரையைத் தொடும்படி, செருகிவிடுவது வழக்கம். அர்டுவினோ ஐஎஸ்பி நிரலை ஊனோவில் ஏற்றி முடித்த பிறகே அதைச் செருக வேண்டும், முன்னரே செருகினால் அந்த நிரலே ஊனோவுக்குள் இறங்காது. ஊனோவின் 9ஆம் எண் முனையில் ஒரு எல்இடியை மின்தடையோடு இணைத்து வைத்தால், நிரலேற்றி உயிரோடிருக்கும்வரை அது மூச்சு விடுவதுபோல மெல்ல ஒளிர்ந்து மெல்ல மங்கிக்கொண்டிருக்கும்.

முதல் உரையாடல் நடந்து, இரண்டாவது தடுமாறும்போதுதான் இக்கட்டுரையின் மையப்பொருளாகிய சிறு வியப்பு எதிர்ப்படுகிறது. நிரலேற்றி சிப்பின் ரீசெட் காலைத் தாழ்நிலைக்கு இழுத்து, குறைந்தது 20 மில்லிநொடி பொறுத்திருந்து, பிறகு நான்கு எண்களை அனுப்புகிறது: 172, 83, 0, 0. நிரலேற்றும் நிலைக்குள் நுழைய அனுமதி கேட்கும் வேண்டுகோள் இது. இவ்விணைப்பின் இயல்பு, உருளையில் ஓடும் ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் வாளி கட்டிய கிணற்றை ஒத்தது. ஒரு வாளி கீழே போனாலன்றி மற்றொன்று மேலே வருவதில்லை, ஒன்று போகும்போது மற்றொன்று வராமல் இருப்பதுமில்லை. துடிப்புக் கம்பியின் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பிட் மோசி வழியே உள்ளே இறங்க, அதே கணத்தில் ஒரு பிட் மிசோ வழியே மேலேறுகிறது. ஆகவே நிரலேற்றி மூன்றாவது எண்ணாகிய 0ஐ உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும் அந்த எட்டுத் துடிப்புகளுக்குள், சிப் தான் சற்றுமுன் பெற்ற 83ஐ அப்படியே திருப்பி அனுப்புகிறது.

இந்த 83 வந்துவிட்டால் நிரலேற்றிக்கு ஒரே நேரத்தில் பல செய்திகள் உறுதியாகின்றன. மின்சாரம் ஏதோ ஒரு வழியில் சிப்பைச் சென்றடைந்திருக்கிறது. ரீசெட், துடிப்பு, மோசி, மிசோ ஆகிய நான்கு கம்பிகளும் தத்தம் இடத்தில் உள்ளன. சிப்புக்குரிய கடிகாரம் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, துடிப்புகளின் எண்ணிக்கையில் இருபுறமும் ஒன்றுகூட பிசகவில்லை. 83 வராவிட்டாலும் நான்கு எண்களையும் அனுப்பி முடித்து, ரீசெட் காலை ஒருமுறை உயர்த்தித் தாழ்த்தி, மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாள் கூறுகிறது. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை திரும்பாத வீட்டுக்கு உரியவர் இல்லை என்று எழுதிவிடாமல், மறுநாளும் கதவைத் தட்டும் தபால்காரரின் பொறுமை இந்த விதியில் எழுதப்பட்டிருக்கிறது.

அனுமதி கிடைத்ததும் நிரலேற்றி சிப்பின் அடையாளத்தைக் கேட்கிறது. அட்மெகா 328பி தரும் விடை 30, 149, 15 என்ற மூன்று எண்கள். 30 தயாரிப்பாளரையும், 149 நிரல் நினைவகம் 32 கிலோபைட் என்பதையும், 15 குறிப்பிட்ட வகையையும் சுட்டுகின்றன. திரை இவற்றைப் பதினாறடிமான எண்களாக, அதாவது பத்துக்கு மாறாகப் பதினாறை அடிப்படையாகக் கொண்டு, காட்டும். மூன்றும் 0 என வந்தால் மிசோ கம்பியில் எவரும் பேசவில்லை, அல்லது அது தரையோடு ஒட்டியிருக்கிறது. மூன்றும் 255 என வந்தால் அக்கம்பி எங்கோ மேல்நிலையில் மாட்டியிருக்கிறது அல்லது அந்தரத்தில் தொங்குகிறது. இறுதி எண் 15க்கு மாறாக 20 என வந்தால் சிப்பிலோ கம்பியிலோ குறையில்லை. பெயரின் ஈற்றில் 'பி' இல்லாத அட்மெகா 328 கையில் இருக்கிறது, மென்பொருளில் அதன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். அடையாளம் பொருந்தாவிட்டாலும் எழுது என்று மென்பொருளை வற்புறுத்தும் கட்டளை ஒன்று உண்டு. அதை முதல் மருந்தாகப் பரிந்துரைக்கும் பழக்கம் வருந்தத்தக்கது. தப்பான எண் என்பது சிப் தரும் வாக்குமூலம், அதன் வாயைப் பொத்திவிட்டுப் பிழையைக் கண்டுபிடிக்க இயலாது.

கம்பிப் பிழைகளில் ஒன்று தொடர்த்தகவல் இணைப்பில் பழகிய கையால் நேர்கிறது. அங்கே ஒருவரின் அனுப்பும் முனை மற்றவரின் பெறும் முனையோடு குறுக்காக இணைய வேண்டும். இங்கே மோசி மோசியோடும் மிசோ மிசோவோடும் நேராகவே இணைய வேண்டும். சிப்பின் 17, 18, 19ஆம் கால்கள் முறையே மோசி, மிசோ, துடிப்பு ஆகியவற்றுக்கு உரியவை. ரீசெட் 1ஆம் கால். சிப்பின் ஒரு காலாவது துளைக்குள் இறங்காமல் வயிற்றுக்கடியில் மடிந்து கிடக்கிறதா என்பதையும் பக்கவாட்டில் குனிந்து பார்த்துக்கொள்வது நன்று.

மற்றொரு பிழை கண்ணை ஏமாற்றுவது. நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து மின்வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். அதன் சிவப்புக் கோடும் அந்த இடத்தில் சற்றே விட்டிருக்கும். அதைக் கவனியாமல் மறுபாதியில் சிப்பைப் பொருத்தினால் 7ஆம் காலுக்கு மின்சாரம் செல்வதில்லை. ஆயினும் சிப் சிலவேளை பதில் சொல்லும்! காரணம், சிப்பின் கால்களை மிகை மின்னழுத்தத்திலிருந்து காக்க உள்ளே வைக்கப்பட்டுள்ள டையோடுகள்; மோசியிலும் துடிப்புக் கம்பியிலும் வரும் ஐந்து வோல்ட், இந்த டையோடுகளின் வழியே ஏறத்தாழ அரை வோல்ட்டை இழந்து, சிப்பின் மின்வரிசைக்குள் கசிந்துவிடுகிறது. 1.8 வோல்ட்டிலும் இயங்கவல்ல இந்தச் சிப்புக்கு அக்கசிவே மூச்சு விடப் போதுமானது. மடை அடைபட்ட வயலில், அண்டை வயலின் வரப்பு வழியே கசியும் நீரைக் குடித்துப் பயிர் பச்சை காட்டுமேயன்றிக் கதிர் பிடிக்காததுபோல, இத்தகைய சிப் தன் அடையாளத்தைச் சொல்லிவிட்டு, நிரலை எழுதும்போது பாதியில் தடுமாறும். மல்டிமீட்டரின் முனைகளைப் பிரெட்போர்டின் ஓரத்தில் வைக்காமல், சிப்பின் 7, 8ஆம் கால்களின் உலோகத்தின் மீதே வைத்து அளந்தால் இந்தக் குறை வெளிப்படும். 20, 22ஆம் கால்களும் முறையே மின்சாரத்தோடும் தரையோடும் இணைந்திருக்க வேண்டும், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று 7, 8ஆம் கால்களை ஒட்டியே அமைய வேண்டும்.

வேகமும் ஒரு தடையாகலாம். புதிய சிப் தன் 8 மெகாஹெர்ட்ஸ் உள்கடிகாரத்தை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. நிரலேற்றியின் துடிப்பு அதில் நான்கில் ஒரு பங்குக்குள், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, இருக்க வேண்டும். யூஎஸ்பிஏஎஸ்பி இயல்பாக 375 கிலோஹெர்ட்ஸில் பேசுவதால் புதிய சிப்புக்கு அது புரிவதில்லை. அக்கருவியில் வேகம் குறைக்கும் ஜம்பரை இணைத்தால் துடிப்பு ஏறத்தாழ 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி உரையாடல் தொடங்கிவிடுகிறது.

இவையனைத்தையும் விட அதிகமான சிப்புகளைக் குப்பைக்கு அனுப்புவது ஃபியூஸ் என்ற சொல்லைப் பற்றிய அறியாமையே. வீட்டு ஃபியூஸ் எரிந்தால் மாற்ற வேண்டும். சிப்பின் ஃபியூஸ் என்பதோ மீண்டும் மீண்டும் எழுதத்தக்க அமைப்பு பிட். அதில் 0 என்றால் இயக்கப்பட்டது, 1 என்றால் இயக்கப்படாதது என்ற தலைகீழ் வழக்கு முதன்முறை படிப்பவரை இடறிவிடுகிறது. சிப் எந்தக் கடிகாரத்தின்படி ஓட வேண்டும் என்பதை முதல் ஃபியூஸ் பைட் தீர்மானிக்கிறது. புதிய சிப்பில் அதன் மதிப்பு 98, ஊனோ பலகையின் சிப்பில் 255. கிரிஸ்டலைப் போலவே 16 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தரும் பீங்கான் ரெசனேட்டர் ஊனோவில் இருப்பதால் அங்கே 255 பொருந்துகிறது. அந்த எண்ணை எங்கிருந்தோ நகலெடுத்துக் கிரிஸ்டல் இல்லாத பிரெட்போர்டுச் சிப்பில் எழுதியவுடன், சிப் வராத கிரிஸ்டலின் துடிப்புக்காகக் காத்திருந்து, எந்தக் கேள்விக்கும் விடையளிக்காமல் நின்றுவிடுகிறது. ஆய்வகங்களில் பழுது என்று எழுதி டப்பாவில் போடப்படும் சிப்புகளில் சில இவ்வாறு காத்திருப்பவையே என்பதை எண்ணும்போது, சில நூறு பக்கங்கள் கொண்ட தரவுத்தாளில் கடிகாரத்தைப் பற்றிய அந்த ஓர் அத்தியாயத்தையேனும் மாணவர் கையில் கொடுத்துப் படிக்கச் செய்யாத பயிற்சிமுறையின் மீது வருத்தம் எழுவது இயல்பு. எண்களை மட்டும் கொடுத்து அவற்றின் பொருளைக் கொடுக்காத கற்பித்தல், சமையற்குறிப்பில் உப்பின் அளவை எழுதிவிட்டு எத்தனை பேருக்கான சமையல் என்பதை விட்டுவிடுவதற்கு ஒப்பானது.

எளிதில் மீள முடியாதபடி பூட்டிக்கொள்ளும் வழியும் ஒன்று உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இந்த ஆறு கம்பி வழியை அனுமதிக்கும் ஃபியூஸை, இதே கம்பிகளின் வழியே அணைக்க முடியாதபடி வடிவமைப்பாளர்கள் தடுத்திருக்கின்றனர். உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்ட அவர்கள் அனுமதிக்கவில்லை. ஆனால் ரீசெட் காலைச் சாதாரணக் காலாக மாற்றும் ஃபியூஸுக்கு அத்தகைய காப்பு இல்லை. அதை எழுதிவிட்டால், ரீசெட் காலில் 12 வோல்ட் தந்து திறக்கும் உயர் மின்னழுத்த நிரலேற்றி ஒன்றே வழி.

கடிகாரம் மாறியதால் ஊமையான சிப்புக்கோ அத்தனை பெரிய கருவி தேவையில்லை. 9, 10ஆம் கால்களுக்கு இடையே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் செருகி, இரு கால்களிலிருந்தும் தரைக்கு 22 பிக்கோஃபாரட் மின்தேக்கிகளை இட்டால் போதும். கிரிஸ்டல் கிடைக்காவிட்டால், வேறொரு பலகையின் டைமரைக் கொண்டு சதுர அலைத் துடிப்பை உண்டாக்கி, அதன் தரையையும் பொதுவாக்கி, ஒற்றைக் கம்பியால் 9ஆம் காலுக்குக் கொடுத்தாலும் பெரும்பாலும் பலிக்கிறது. டப்பாவில் கிடந்த சிப்புக்கு இவ்வாறு துடிப்பைத் தந்து, ரீசெட் காலைத் தாழ்த்தி, 172, 83, 0, 0 என்று மீண்டும் அனுப்பும்போது, மூன்றாவது எண் இறங்கிக்கொண்டிருக்கும் வேளையில் 83 மேலேறி வருகிறது. அதன்பின் முதல் ஃபியூஸ் பைட்டில் 98 என்று எழுதி, மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திக் கொடுத்தால், 9ஆம் காலின் கம்பியைக் கழற்றிய பிறகும் சிப் தன் உள்கடிகாரத்திலேயே ஓடத் தொடங்குகிறது.