போலியோ ஒழிப்பின் எஞ்சிய சவால்

போலியோ சொட்டு மருந்திலுள்ள வலுக்குறைக்கப்பட்ட வைரஸ், ஆரோக்கியமான குழந்தையின் மலத்திலிருந்து சில வாரங்களில் அற்றுப்போகின்றது. ஆனால், பிறவியிலேயே பிறபொருளெதிரிகளை உருவாக்க இயலாத மிகச் சிலரின் குடலில் அது ஆண்டுக்கணக்கில் பெருகி, வாதத்தை ஏற்படுத்தும் வலுவை மீளப்பெறக்கூடும். சிறுவயதில் இம்மருந்தைப் பெற்ற பிரித்தானியர் ஒருவர் சுமார் 28 ஆண்டுகளாக வைரஸை வெளியேற்றி வந்தமை 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது.

இதற்காக இந்நோயாளரை ஒதுக்குவதோ, கோடிக்கணக்கானோரை வாதத்திலிருந்து காத்த சொட்டு மருந்தைப் பழிப்பதோ தகாது. இத்தகையோரைக் கண்டறிந்து, வைரஸை அகற்றவல்ல சிகிச்சையை உருவாக்குவது மருத்துவ உலகின் பொறுப்பாகும். ஊரிலுள்ள பிள்ளைகள் யாவரும் தடுப்பு மருந்து பெற்றிருப்பின் அவ்வைரஸ் பரவ வழியிராது. 1993ஆம் ஆண்டின் பின்னர் போலியோ நோயாளர் எவரும் பதிவாகாத எமது நாட்டிலும் பெற்றோர் இவ்விடயத்தில் அசட்டையாக இருந்துவிடலாகாது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.