பூஞ்சை பிடித்த பனை ஓலைத் தொப்பி: தூக்கிப் போடணுமா, சரி பண்ண முடியுமா?

சம்பா அறுவடைக்கு வயலில் இறங்கும் நேரத்தில்தான் பலருக்கும் பரணில் போட்ட ஓலைத் தொப்பி ஞாபகம் வரும். எடுத்துப் பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை, வளைந்துபோன விளிம்பு, உள்பக்கம் வியர்வைக் கறை. உடனே குப்பையில் போட்டுடாதீங்க. பெரும்பாலான தொப்பிகளை வீட்டிலேயே சரி செய்யலாம்.

ஏன் பூஞ்சை வருது?

ஓலை காய்ந்த பிறகும் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றோட்டமில்லாத இடத்தில், அதுவும் வியர்வையோடு வைத்த தொப்பி என்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான்.

எப்படிச் சுத்தம் செய்வது?

1. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான பிரஷால் பின்னல் போகும் திசையிலேயே தட்டுங்க.

2. சில சொட்டு ஷாம்பு கலந்த நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைக்கணும். சாயம் போட்ட ஓலை என்றால் முதலில் ஓரத்தில் சோதித்துப் பாருங்க.

3. பூஞ்சை உள்ள இடத்தில் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்கலாம்.

4. பிறகு நிழலில், காற்றாட முழுதாகக் காய விடணும்.

வளைந்த விளிம்பு?

கொதிக்கும் நீரின் ஆவியில் சில விநாடிகள் காட்டினால் ஓலை இளகும். கையால் சரிசெய்து, தலை அளவுள்ள ஒரு பாத்திரத்தின் மேல் கவிழ்த்து ஆற விடுங்க. ஆவி சுடும், கை ஜாக்கிரதை. அறுந்த இடத்தில் தண்ணீரில் ஊறவைத்த புது ஓலைக் கீற்றை அதே பின்னலில் செருகிவிடலாம்.

செய்யக்கூடாத தப்புகள்

தொப்பியை ஊற வைக்காதீங்க. ஓலை ஊதி, காயும்போது சீராகச் சுருங்காது. பிளீச்சிங் பவுடர் ஓலையை வலுவிழக்கச் செய்யும். அதோடு வினிகர் சேர்ந்தால் நச்சு வாயு வரும். உச்சி வெயிலில் காயப்போட்டால் ஓலை மொறமொறத்து உடையும்.

சுவடிக்குப் பூசும் எண்ணெய் தொப்பிக்கு ஆகுமா?

ஓலைச்சுவடிகளைப் பாதுகாக்க எலுமிச்சைப்புல் தைலம் பூசுவது வழக்கம். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் இருக்கிற ஊரில் இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் சுவடி அலமாரியில் இருப்பது. தொப்பி புழுதியிலும் வியர்வையிலும் புழங்குவது. எண்ணெய்ப் பசையில் அழுக்கு இன்னும் ஒட்டும். அதனால் தொப்பிக்கு வேண்டாம்.

எப்போது விட்டுவிடணும்?

காய்ந்த பிறகும் முடை நாற்றம் போகவில்லை, தொட்டாலே ஓலை உதிர்கிறது என்றால் புதுசு வாங்குவதே நல்லது. மற்றபடி, பாலித்தீன் பையில் கட்டாமல், ஆணியில் மாட்டாமல், கவிழ்த்தோ மல்லாத்தியோ காற்றோட்டமாக வைத்தால் போதும். ஜூனில் மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கும்போது, அதே தொப்பி வெயிலுக்குத் துணை நிற்கும்.