கொந்தளிப்பை அடக்கும் சங்கிலிகள்

அலாஸ்காவின் வடகோடியிலுள்ள புருடோ விரிகுடாவிலிருந்து தெற்கே வால்டீஸ் துறைமுகம் வரை ஒரு கச்சா எண்ணெய்க் குழாய் போகிறது. நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். விட்டம் 48 அங்குலம். 1977-இல் அதில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. அனுப்பும் அளவைக் கூட்ட வேண்டுமானால் பம்புகளைக் கூட்டுவதே வழக்கம். ஆனால் 1979-இல் அங்கே எண்ணெயில் பாலிமரைக் கலந்தார்கள். பத்து லட்சம் பங்கு எண்ணெய்க்குச் சில பங்கு பாலிமர்தான். அதே பம்புகள் கூடுதல் எண்ணெயைத் தள்ளின.

குழாயில் வேகமாக ஓடும் திரவம் நேர்கோட்டில் போவதில்லை. சுவரை ஒட்டி மெதுவாக நகரும் படலம் அவ்வப்போது பிய்ந்து நடுப்பகுதிக்குத் தெறிக்கும். அந்த இடத்தை நிரப்ப வேகமான திரவம் சுவரை நோக்கிப் பாயும். இப்படி ஓயாமல் சுழல்கள் பிறக்கின்றன. பம்ப் கொடுத்த ஆற்றலில் பெரும்பங்கு இவற்றிலேயே வெப்பமாகி வீணாகிறது.

பாலிமர் மூலக்கூறு என்பது லட்சக்கணக்கான அணுக்கள் கோத்த சங்கிலி. சும்மா இருக்கும்போது நூல்பந்துபோலச் சுருண்டிருக்கும். சுழல்களுக்கிடையே திரவம் இழுபடும் இடத்தில் சிக்கினால் அது நீள்கிறது. நீண்டபின் மேலும் இழுபட மறுக்கிறது. சுழல் வலுவிழக்கிறது, சுவரோரத் தெறிப்பும் குறைகிறது. பாலிமர் உண்மையில் திரவத்தைச் சற்றே கெட்டியாக்குகிறது, ஆனாலும் ஓட்டம் எளிதாகிறது! இந்த விளைவில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். அமைதியாக அடுக்கடுக்காக ஓடும் திரவத்தில் கலந்தால் பலன் இல்லை. அடக்க அங்கே சுழலே கிடையாது.

பாலிமரின் இந்த விளைவை 1948-இல் நெதர்லாந்தில் நடந்த மாநாட்டில் அறிவித்தவர் பிரிட்டனைச் சேர்ந்த பி. ஏ. டாம்ஸ். ‘டாம்ஸ் விளைவு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. விளக்கத்தில் மட்டும் அறிஞர்கள் பிரிகிறார்கள். நீண்ட சங்கிலிகளால் சுவரோரத்தில் பிசுபிசுப்பு கூடுகிறது என்றார் ஜான் லம்லி. சங்கிலிகளின் மீள்தன்மையே சிறு சுழல்களைத் தடுக்கிறது என்றார் நோபல் பரிசு பெற்ற டி ஜென்.

சங்கிலி நீளமாக இருந்தால்தான் பலன். ஆனால் நீளமான சங்கிலிதான் எளிதில் அறுபடும். பம்பின் சுழலிகளுக்குள் புகுந்தால் துண்டுதுண்டாகிவிடும். அதனால் எண்ணெய் பம்பைக் கடந்த பிறகே பாலிமரைச் செலுத்துகிறார்கள். அடுத்த பம்பைத் தாண்டியதும் புதிதாகச் செலுத்த வேண்டும்.

தீயணைப்பில் இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் தண்ணீர் ஒருமுறைதான் ஓடப்போகிறது. நியூயார்க் தீயணைப்புத் துறை தண்ணீரில் பாலிஎத்திலீன் ஆக்சைடைக் கலந்து பார்த்தது. இரண்டரை அங்குலக் குழாய் தரும் தண்ணீரை ஒன்றே முக்கால் அங்குலக் குழாயே கிட்டத்தட்ட தந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது வீரர்களுக்கு எவ்வளவோ எளிது.