மகுடிக்கு விடுமுறை!

கூடை மூடியைத் திறந்ததும் 'புஸ்'ஸென்று படமெடுத்து நிற்கிற நல்லபாம்பைப் பார்த்து, 'அடேயப்பா, என்ன கம்பீரம்!' என்று வாய் பிளக்கிறோம். கம்பீரமாவது ஒண்ணாவது... அது பயந்து செத்துக்கொண்டிருக்கிறது, சார்!

மூடி திறந்தால் தலையில் தட்டு விழும் என்பது அதற்குப் பாடமாகிவிட்டது. பாம்பு மயங்குவது இசைக்கு அல்ல. முகத்துக்கு நேரே ஆடுகிற மகுடியின் அசைவைத்தான் அது கண்கொட்டாமல் கண்காணிக்கிறது. (இன்க்ரிமென்ட் மாசத்தில் மேனேஜர் ரூம் கதவை நாம் பார்ப்போமே, அந்த மாதிரி!)

வட இந்தியாவில் நாக பஞ்சமி வந்தால் இன்னும் கொடுமை. பல்லைப் பிடுங்கி, சிலதுக்கு வாயோரம் தையலும் போட்டு, நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பார்கள். தாகத்தில் தவிக்கிற பாம்பு எதை ஊற்றினாலும் குடிக்கும். 'பால் குடிச்சிடுச்சு!' என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். பால் அதற்குச் செரிக்காது. மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலும் காலி.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைப் பிடித்து வைத்து வித்தை காட்டுவது குற்றம். டெல்லி, ஆக்ரா பக்கம் வனத்துறையும் 'வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ்.' அமைப்பும் இப்படிப்பட்ட பாம்புகளை மீட்கிறார்கள்.

தையலைப் பிரிப்பது, புண்ணை ஆற்றுவது, நீர்ச்சத்து ஏற்றுவதெல்லாம் டாக்டர் பாடு. பயத்துக்கு? சும்மா விடுவதுதான் மருந்து! ஒளிந்துகொள்ள இருட்டாக ஒரு பானை, இதமான சூடு, சுத்தமான தண்ணீர். தொடக்கூடாது. வேடிக்கை பார்க்க மச்சான், மாமனை அழைத்து வரக்கூடாது. தண்ணீர் மாற்றுகிறவர்கூட தரை அதிராமல் நடக்க வேண்டும். இரையைத் தொடவில்லையா? வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இன்றில்லாவிட்டால் அடுத்த வாரம் சாப்பிடும்.

இந்தப் பானை சூட்சுமம் நம்மூரில் பழசு. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தில், விஷம் எடுக்கப் பிடித்த பாம்பை மண்பானையில் விட்டு வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். இருட்டில் அது பாட்டுக்குக் கிடக்கும். சில வாரங்களில் காட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, மீட்ட பாம்பு தேறிவிட்டது என்று எப்படித் தெரியும்? ஒருநாள் மூடியைத் திறக்கும்போது படமெடுக்காமல், 'போய்யா, வேலையைப் பாரு' என்பதுபோல் பானைக்குள் நழுவும். அவ்வளவுதான். அன்றைக்குப் பராமரிப்பவர் முகத்தில் சிரிப்பு!

பிடுங்கிய பல் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். பின்னாலேயே மாற்றுப் பற்கள் 'வெயிட்டிங் லிஸ்ட்'டில் இருக்கின்றன. விஷச் சுரப்பியைச் சிதைத்திருந்தால்தான் சிக்கல். காட்டில் விட்டால் அது எலியைக் கொல்வது கஷ்டம். அப்படிப்பட்ட பாம்புக்கு ஆயுசு முழுக்கப் பானைதான் வீடு. எலியை யாராவது கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.